தைவான் ஏன் விலகியது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒருபாலீர்ப்பினர், திருநர் ஆகியோரின் பெருமித விழாவான பிரைட் விழாவை உலக நகரங்கள் நடத்துவதெல்லாம் சுற்றுப்பயணிகளின் காசுக்காகத்தான் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். காசும் ஒரு காரணம்தான், சரி. ஆனால் காசு மட்டுமே என்றால் தைவான் செய்ததற்கு விளக்கம் கிடைக்காது.

ஒவ்வொரு முறையும் வேறொரு நகரம் நடத்தும் உலக அளவிலான பிரைட் விழாதான் வேர்ல்ட் பிரைட். 2025ஆம் ஆண்டின் அந்த விழா தைவானின் காவ்சியுங் நகருக்குத்தான் முதலில் கிடைத்தது. 2019இல், ஆசியாவிலேயே முதலாவதாக ஒருபாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய நாடு அது. ஆனால் விழாப் பெயரிலிருந்து 'தைவான்' என்பதை எடுக்கச் சொல்கிறார்கள் என்று கூறி, 2022 ஆகஸ்டில் ஏற்பாட்டாளர்கள் விலகிக்கொண்டார்கள். உரிமம் தரும் உலகக் கூட்டமைப்பு வேறு விளக்கம் தந்தது. எப்படியிருந்தாலும், வரவிருந்த கூட்டத்தையும் வருமானத்தையும் அவர்கள் வேண்டாம் என்றார்கள். ஐ.நா.வில் இடமில்லாத, மிகச் சில நாடுகளே முறைப்படி அங்கீகரித்திருக்கும் தீவு அது. 'நாங்கள் இப்படிப்பட்டவர்கள்' என்று உலகத்திடம் சொல்லக் கிடைத்த மேடையில் சொந்தப் பெயரே இல்லையென்றால் மேடை எதற்கு?

2023இல் வேர்ல்ட் பிரைட் நடத்திய சிட்னியும், தான் யார் என்று உலகத்திடம் சொல்லத்தான் அந்த மேடையைப் பயன்படுத்தியது. பிரதமர் ஆந்தனி அல்பனீசி, சிட்னியின் பிரைட் ஊர்வலமான மார்டி கிரா ஊர்வலத்தில் நடந்தார். பதவியிலிருக்கும் ஆஸ்திரேலியப் பிரதமர் ஒருவர் அதில் நடந்தது அதுவே முதல்முறை. அந்தப் படம் ஒரு தூதரகம் பல வருடம் பேசுவதைவிட அதிகம் பேசியிருக்கும்.

ஆனால் ஊர்வலம் மட்டும் மரியாதை வாங்கித் தராது. தைவான் விட்ட 2025 விழா வாஷிங்டனுக்குப் போனது. அதே ஆண்டு பாலினம் குறித்த அமெரிக்க அரசின் புதிய விதிகளால் ஜெர்மனி, டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகள், அங்கே போகும் திருநர்களுக்கான பயண அறிவுரையையே மாற்றின. விழா நடக்கும் ஊரைவிட, அந்த நாட்டின் சட்டத்தைத்தான் உலகம் பார்க்கிறது.

பினாங்குக்காரர்களான நமக்கு இது தூரத்து விஷயமல்ல. 2018இல் இங்கே நடந்த ஜார்ஜ்டவுன் கலை விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து, திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் நிஷா ஆயுப்பின் படம் உட்பட இரண்டு படங்கள் அகற்றப்பட்டன. அகற்றச் சொன்னவர் மத்திய அமைச்சர் ஒருவர். அதே நிஷா ஆயுப்பை 2016இல் உலகத் துணிச்சல் மிக்க பெண்களில் ஒருவராக அமெரிக்க வெளியுறவுத்துறை கௌரவித்திருந்தது. மரபுடைமை நகரம் என்று நாம் பெருமைப்படும் ஊரிலிருந்து அன்று உலகத்துக்குப் போன செய்தி, வெறும் சுவர்தான். அதைப் பார்த்த நம் தமிழ்த் திருநங்கைச் சகோதரிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இங்கே பிரைட் ஊர்வலம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை; இன்றைய சட்டம் அதற்கு இடம் தராது. ஒருமுறை மாட்டிய மனிதரின் படத்தை யார் சொன்னாலும் இறக்க மாட்டோம் என்று அடுத்த ஜார்ஜ்டவுன் விழாவின் ஏற்பாட்டாளர்கள் எழுத்தில் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு