சபை வரலாற்று நூலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து உதவிய அத்தனை பேருக்கும் வணக்கம்.

கடலூர் முதுநகர்ச் சபையின் வரலாறு ஒருவழியாக அச்சேறிவிட்டது. வெளியீட்டு நாளில் சால்வை போர்த்தலாம் என்றால், உழைத்தவர்களில் பாதிப் பேர் வரவே இல்லை. மீதிப் பேர் தங்கள் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சரி, பெயர் வேண்டாம். செய்த உதவியையாவது சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி, நம் சபையைச் சேராத ஒரு கத்தோலிக்கப் பெரியவருக்கு. சுவீடனில் பிறந்த மிஷனரி கீர்நாந்தர் ஐயர் 1740-ல் கடலூருக்கு வந்தார். 1749-ல் ஆங்கிலேயர்கள், பிரெஞ்சுக்காரர்களுக்கு உடந்தை என்று சந்தேகப்பட்டு, கத்தோலிக்கக் குருக்களைத் தங்கள் எல்லையிலிருந்து வெளியேற்றினார்கள். அந்தக் குருக்களின் கோயிலை எடுத்துக் கீர்நாந்தரிடம் கொடுத்தார்கள். இதை ஒரு வரியில் கடந்துவிடலாம் என்று குழுவில் சிலர் சொன்னதும் உண்டு. பெரியவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "தாராளமா எழுதுங்க சார். யார்கிட்ட இருந்து எடுத்தாங்கங்கறதையும் சேர்த்து எழுதுங்க" என்றார். அதோடு விடாமல், தன் அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய தாள்களையும் பையோடு கொடுத்தனுப்பினார். நூலின் நான்காம் பக்கம் முழுக்க அவர் தயவு.

கீர்நாந்தர் காலத்துச் செய்திகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சான மிஷன் அறிக்கைகளில் இருக்கின்றன. ஜெர்மன் தெரிந்தவர்களே அந்தப் பழைய அச்செழுத்தைப் பார்த்தால் திணறுவார்கள். புதுச்சேரியில் இருக்கும் ஓர் அம்மையார் பொறுமையாகப் படித்து, தொலைபேசியிலேயே தமிழில் சொல்லச் சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டோம். ஆள் சுவீடன்காரர், சபை லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழி), சம்பளம் லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சங்கத்தினுடையது. அந்தக் காலத்தில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை போலிருக்கிறது! 1758-ல் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையைப் பிடித்ததும் கீர்நாந்தர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். ஐயர் கப்பலேறிய பிறகும் சபையார் இங்கேதானே இருந்தார்கள்? நமக்கு வேண்டியது அவர்கள் கதை. அறிக்கைகளில் அவர்கள் பெயர் வரும் இடங்களையெல்லாம் அந்த அம்மையார் தனியாகக் குறித்துத் தந்தார்.

பதிவேடுகளைக் காப்பாற்றியது நம் சபைப் பிள்ளைகள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது ஓடு பறந்து பீரோவுக்குள் தண்ணீர் இறங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டின் தாள்கள் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக் கிடந்தன. கல்லூரிப் பிள்ளைகள் இருவர் மெல்லிய எலும்புக் கத்தியை ஓரத்தில் நுழைத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவே மையொற்றுத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்று நேரே படாமல் உலர்த்தினார்கள். மை பழுப்பேறி மங்கியிருந்தாலும் பெயர்கள் தெரிகின்றன. தகப்பன் பெயருக்கு அடுத்த கட்டத்தில் 'கொத்தன்', 'நெசவு', 'துறைமுகக் கூலி' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதுதான் இது யாருடைய சபை என்பது விளங்குகிறது.

கல்லறைத் தோட்டத்தில் எழுத்து தேய்ந்த கற்களைப் படித்துத் தந்தவர் சலூன் வைத்திருக்கும் தம்பி. கடைக் கண்ணாடியைக் கொண்டு வந்து, சாயங்கால வெயிலைக் கல்லின் பக்கவாட்டில் விழும்படி திருப்பிப் பிடித்தார். பள்ளங்களில் நிழல் கட்டியதும் எழுத்து எழுந்து நின்றது. சுண்ணாம்போ மாவோ பூசிக் கல்லைக் கெடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அப்புறம், மதுரையிலிருந்து வந்து குடியேறிய ஆசிரியர் ஐயா. அவர் குடும்பம் அமெரிக்கன் மதுரா மிஷன் வழி. 1834-ல் தொடங்கிய அந்த மிஷன் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தது. அந்த மரபில் சபையின் காரியத்தைச் சபையாரே கூடி முடிவு செய்வார்கள். கூட்டக் குறிப்புகளில் தீர்மானத்தை மட்டும் பார்க்காமல், யார் மறுத்தார்கள் என்று பார்க்கச் சொன்னவர் அவர். காங்கிரிகேஷனல், பிரெஸ்பிடேரியன் சபைகள் சேர்ந்து 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையானதையும், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு அது 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்ததையும் பற்றிய அத்தியாயம் அவர் மேற்பார்வையில் எழுதியது. மதுரை வாடை கொஞ்சம் தூக்கல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடனுக்கு நகலெடுத்துக் கொடுத்த செராக்ஸ் கடைக்காரருக்கும், குழு கூடும்போதெல்லாம் சுண்டல் அனுப்பிய பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் நன்றி.

நூல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபை அலுவலகத்தில் கிடைக்கும். பழைய கல்யாணப் படங்கள் வைத்திருப்பவர்கள் கொண்டு வந்தால், கையோடு நகலெடுத்து உடனே திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
சபை வரலாற்றுக் குழுவுக்காக,
செயலர்
கடலூர் முதுநகர்