செவ்வாயிலிருந்து சண்டை போட முடியாது

அன்பு நண்பா,

கதை கிடைத்தது, ஒரே மூச்சில் படித்துவிட்டேன். ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம்தான், ஆனால் நீ நம்பமாட்டாய், எனக்கும் கை அரிக்கும். ஓய்வு பெற்றதும் எழுத ஆரம்பிப்பேன் என்று காலம்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நிஜமாகவே ஆரம்பித்துவிட்டாய், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. எனக்கு இன்னும் அந்தக் கொடுப்பினை வரவில்லை, ஆபீஸ் ஓட்டம் அப்படியேதான் இருக்கிறது. மகள் மேல்படிப்புக்குப் போனதிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

சரி, கதைக்கு வருகிறேன். செவ்வாயில் குடியேறிய மகளும் பூமியில் இருக்கிற அம்மாவும் வீடியோ காலில் வார்த்தைக்கு வார்த்தை மோதிக்கொள்கிறார்களே, கதைக்கு உயிரே அந்தக் காட்சிதான், நடக்கவே முடியாத காட்சியும் அதுதான். செவ்வாய் நமக்கு மிகவும் பக்கத்தில் வரும்போதே சுமார் 5.5 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும், சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் 40 கோடி. ஒளியே போய்ச் சேர 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும், ரேடியோ சிக்னலும் அதே வேகம்தான். அம்மா ‘என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டே’ என்று சொன்னது அங்கே போய்ச் சேர 20 நிமிடம், மகள் ‘நீதானே போகச் சொன்னே’ என்று திருப்பிக் கொடுத்தது இங்கே வர இன்னொரு 20. அதற்குள் அம்மா அழுது முடித்து, முகம் கழுவி, வேறு வேலை பார்க்கப் போயிருப்பாள். குறுக்கே பேசாமல் ஒரு சண்டை உண்டா? நிலாவில் இருந்தால் ஒருவேளை சமாளிக்கலாம், சிக்னல் அங்கே போக 1.3 விநாடிதான், ஆனால் அப்போலோ பயணங்களின் ஒலிப்பதிவைக் கேட்டால் அதிலேயே ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தட்டுப்படும்.

பௌதிக வாத்தியார் மாதிரித் தப்புப் பிடிக்கிறேன் என்று நினைக்காதே. கப்பலில் புவியீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேனா? அதையெல்லாம் விட்டுவிடலாம். இந்தத் தாமதத்தை மட்டும் விடமுடியவில்லை, ஏனென்றால் உன் கதைக்கு வேண்டிய துக்கம் முழுவதும் அதற்குள்தான் கிடக்கிறது. நீ அதைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டாய்.

நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர், அதாவது தரையில் ஓடும் ஆளில்லா வண்டி, 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கியதை நீயும் பார்த்திருப்பாய். வளிமண்டலத்துக்குள் நுழைந்து தரையைத் தொடுவதற்கு மொத்தம் 7 நிமிடம், ஆனால் சிக்னல் இங்கே வர 11 நிமிடத்துக்கு மேல். அதாவது ‘நுழைந்துவிட்டது’ என்ற செய்தி கட்டுப்பாட்டு அறைக்கு வந்தபோது அது அங்கே ஏற்கெனவே இறங்கியிருக்கும், அல்லது நொறுங்கியிருக்கும். முடிந்துபோன ஒன்றுக்காகத்தான் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ரோவர் இறங்கும் இடத்தைக் கீழே படம் எடுத்து, உள்ளே இருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, பாறை இல்லாத இடமாகப் பார்த்துத் தானே தேர்ந்தெடுத்தது, இங்கிருந்து யாரும் கைகொடுக்க முடியாது என்பதால்தான் இயந்திரத்துக்கே அவ்வளவு புத்தி கொடுக்கவேண்டியதாகிவிட்டது. இன்னொன்று, செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் சொச்சம். ரோவர் இறங்கின முதல் சில மாதங்கள் பூமியில் அதை ஓட்டுகிறவர்கள் அந்தக் கடிகாரத்துக்குத்தான் வேலை செய்கிறார்கள், ஷிப்ட் தினமும் 40 நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும், நடுராத்திரியில் காலைச் சாப்பாடு. உன் அம்மா பாத்திரத்தை அப்படி வாழவிட்டுப் பார், மகளின் காலை எப்போது என்று பார்த்துத் தன் தூக்கத்தைத் தள்ளித்தள்ளி வைத்துக்கொள்கிறவளாக.

ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்துவிடும். அதைச் சுற்றியிருக்கிற சூடான வாயுவைத் தாண்டிப் போகும்போது கட்டளை சிதைந்து, தப்பும் தவறுமாகப் போய்ச் சேரலாம் என்பதால் சுமார் இரண்டு வாரம் செவ்வாயில் இருக்கும் விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவிடுகிறார்கள். என்ன அருமையான இரண்டு வாரம்! மகள் கோபத்தில் பேசவில்லையா, சூரியன் மறைக்கிறதா என்று அம்மாவுக்குத் தெரியாது. உன் கதை நடக்கிற காலத்தில் சுற்றுவழியாகச் சிக்னல் அனுப்ப ஏதாவது துணைக்கோள் இருக்கும் என்று வாதாடுவாய், இருக்கட்டும், அதுவும் ஒருநாள் பழுதாகும்.

எனக்கு இந்த விஷயம் தலைக்கேறியதற்குக் காரணம் வாயேஜர் என்ற நாசாவின் ஆளில்லா விண்கலங்கள். 1977-இல் கிளம்பிய முதல் வாயேஜர் 2023 நவம்பரில் திடீரென்று பொருள் இல்லாத எண்களை அனுப்ப ஆரம்பித்தது. அப்போது அது சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி, ஒரு செய்தி போக 22.5 மணி நேரம், பதில் வர இன்னொரு 22.5. ஒரு யோசனையைச் செய்துபார்த்து, சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் ஆகும். கப்பலைக் கட்டியவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் எழுதிவைத்த ஆவணங்களைத் தேடிப் படித்து, கடைசியில் நினைவகத்தின் ஒரு பகுதியைத் தாங்கிய ஒரே ஒரு சிப் செத்துவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். அதில் இருந்த நிரலை அப்படியே வேறிடத்தில் வைக்க எங்கேயும் மொத்தமாக இடம் இல்லை, அதனால் துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த இண்டு இடுக்குகளில் செருகி, ஒரு துண்டு இன்னொன்றைத் தேடிப்போகும்படி முகவரிகளை மாற்றி எழுதி, 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். 20-ஆம் தேதி பதில் வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு கலம் தன் உடல்நிலையைப் புரியும்படி சொன்னது. எந்த விண்வெளிப் போர்க் காட்சியையும்விட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒருவேளை வயதாகிவிட்டதோ என்னவோ.

அதைவிட உன் கதைக்கு உதவுவது இரண்டாவது வாயேஜருக்கு நடந்தது. 2023 ஜூலையில் ஒரு தவறான கட்டளை போய்விட்டது, அதன் ஆண்டெனா பூமியை விட்டு வெறும் 2 டிகிரி விலகிவிட்டது, தொடர்பு அறுந்தது. கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கிற பெரிய ஆண்டெனாவிலிருந்து உச்ச சக்தியில் ஒரு கட்டளையைக் கத்தி அனுப்பினார்கள், காது வேறு பக்கம் திரும்பியிருந்தாலும் கேட்டுவிடும் என்ற நப்பாசைதான், அது வேலை செய்துவிட்டது என்று 37 மணி நேரம் கழித்துத் தெரிந்தது. நான் யோசிப்பது அந்தத் தவறான கட்டளையைப் பற்றி. கிளம்பிவிட்ட சிக்னலை முந்திக்கொண்டு போய்த் தடுக்க இந்தப் பிரபஞ்சத்தில் எதுவும் இல்லை. உன் அம்மா கோபத்தில் ‘இனிமேல் என்னோடு பேசாதே’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள் என்று வை. அடுத்த நிமிடமே மனசு கேட்கவில்லை. மகள் அதை இன்னும் கேட்கவில்லை என்பது இவளுக்குத் தெரியும், கேட்கப்போகிறாள் என்பதும் தெரியும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 20 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு அனுப்பினாலும் அது ஒரு நிமிடம் பின்னால்தான் ஓடும். இதை எழுது! எனக்கு மட்டும் எழுத வந்தால் நானே திருடிக்கொள்வேன்.

வேறு கதைகளில் ஒளியை மிஞ்சும் கப்பல், விண்வெளியில் குறுக்குவழியாகிற புழுத்துளை, உடனடியாகப் பேசும் கருவி என்று எதையாவது வைத்துச் சமாளிக்கிறார்களே என்பாய். விண்மீன்களுக்குப் போகிற கதை என்றால் வேறு வழியும் இல்லை, மிகப் பக்கத்து விண்மீன் புராக்ஸிமா சென்டாரியே 4.24 ஒளியாண்டு தூரம், வாயேஜரின் வேகத்தில் எழுபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பேரன் பேத்தி என்று வரிசையாகப் பாத்திரங்கள் செத்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் செவ்வாய்க்கு அந்தக் கள்ளச் சாவி தேவையே இல்லை. மனிதன் ஆறேழு மாதத்தில் போய்ச் சேரக்கூடிய இடம், பேச்சு நிமிடக்கணக்கில் போய்ச் சேரும் இடம். அங்கே வாழப்போகிறவர்கள் வீட்டுக்குக் கடிதம்தான் எழுதுவார்கள், எழுத்தாகவோ வீடியோவாகவோ, முழுசாகச் சொல்லி முடித்து, அடுத்தவர் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே யோசித்து அதற்கும் சேர்த்துப் பதில் எழுதி. அப்படி எழுதுகிற ஆட்கள் நாம் இரண்டு பேர் ஏற்கெனவே இருக்கிறோம், பாத்திரங்களுக்கு வேண்டிய அனுபவம் உன்னிடம் இருக்கிறது.

அப்புறம், மகளை இவ்வளவு கல்நெஞ்சக்காரியாக ஆக்கியிருக்க வேண்டாம், அவள் பக்கமும் ஏதாவது இருக்கட்டும். கடைசிப் பகுதியில் வெளியே கப்பல் வெடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கிறது, வெற்றிடத்தில் ஏது சத்தம், அதை மட்டும் அடித்துவிடு. தலைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, மாற்றாதே. முழுவதையும் கடிதங்களாகவே திருப்பி எழுதலாமா என்று யோசித்து, முதல் நான்கைந்து பக்கம் வந்ததும் அனுப்பு, முடியும்வரை காத்திருக்க என்னால் ஆகாது.

அன்புடன்,
உன் பழைய வாசகன்