மூத்த திருநங்கையரைப் போற்றும் தமிழ்நாடு அரசுக்கு: கிடைமட்ட இட ஒதுக்கீட்டு ஆணையை வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று தாங்கள் திருநங்கையர் நாளைக் கடைப்பிடிக்கிறீர்கள். சிறந்த திருநங்கைக்கான விருது அன்று வழங்கப்படுகிறது. நாட்டிலேயே முதன்முதலாக 2008-ஆம் ஆண்டு நல வாரியம் அமைத்த மாநிலம் இது என்பதும் மேடையில் நினைவூட்டப்படுகிறது. அது உண்மை, அதற்கான நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் எங்கள் மூத்தவர்களின் பெயர்கள் பெருமையோடு உச்சரிக்கப்படும் அதே மேடையில், அவர்கள் முதன்மையாகக் கேட்டுவரும் ஒன்றுக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. கல்வியிலும் அரசுப் பணியிலும் திருநங்கையர், திருநம்பியர், இடைப்பாலினத்தவர் ஆகியோருக்குக் கிடைமட்ட இட ஒதுக்கீடு, அதாவது சாதிப் பிரிவுகள், பொதுப்பிரிவு என ஒவ்வொன்றுக்குள்ளும் எங்களுக்கெனத் தனிப் பங்கு, வேண்டும் என்பதே அது. அதைத் தங்கள் முன் மீண்டும் வைப்பதற்காகவே இம்மடல்.

பின்னணி தாங்கள் அறியாதது அன்று. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த நால்சா வழக்கில் எங்கள் பாலின அடையாளத்தை அங்கீகரித்ததோடு, கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் எங்களுக்கு இட ஒதுக்கீடு வழங்குமாறு மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு தாங்கள் பிறப்பித்த அரசாணை, சாதிச் சான்றிதழ் இல்லாத திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் சேர்த்தது. பாலினத்தைச் சாதியாகக் கொள்ள முடியாது என்று அன்றே எங்கள் தோழர்கள் எடுத்துரைத்தார்கள். 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே சொல்லி அந்த அரசாணையை ரத்து செய்தது. கிடைமட்ட இட ஒதுக்கீடு வழங்க 12 வாரக் காலக்கெடுவும் விதித்தது. அந்தக் கெடு கடந்து நெடுநாளாகிவிட்டது. நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த அரசாணை ஒரு பெண்ணின் வாழ்வில் என்ன செய்தது என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் திருநங்கையர் வீட்டில் மகளாக வளரும் ஒருத்தி பட்டியல் சாதியில் பிறந்தவள். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டாள். உடுத்திய துணியோடு வந்தவளிடம் மதிப்பெண் பட்டியலும் இல்லை, சாதிச் சான்றிதழும் இல்லை; இரண்டும் பெற்றோர் வீட்டுப் பீரோவில் இருந்தன. பின்னர் தனித்தேர்வராகப் படித்துத் தேறி, போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்க நினைத்தபோது சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. புதிதாக விண்ணப்பித்தால் தந்தையின் சான்றிதழைக் கேட்டார்கள். அதை வாங்கி வர ஊருக்குப் போனாள். அவளுடைய அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, "அப்படி ஒருத்தன் இந்த வீட்டுல பொறக்கவே இல்லை, போயிடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெறுங்கையோடு அலுவலகத்துக்குத் திரும்பியவளிடம் அங்கிருந்த எழுத்தர், "உங்களுக்குத்தான் எம்.பி.சி. குடுத்திருக்காங்களே, அப்புறம் எதுக்கு எஸ்.சி. சர்டிபிகேட்டுக்கு அலையுறீங்க?" என்று கேட்டார்.

அவர் கடுமையாகக் கேட்கவில்லை; உதவுவதாக எண்ணித்தான் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி எங்களுக்கு இன்னமும் வலிக்கிறது. சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருத்தி, பாலினத்தின் பெயரால் அந்தக் குடும்பத்திலிருந்தும் துரத்தப்பட்டதாலேயே, அரசமைப்புச் சட்டம் அவளுக்குத் தந்திருக்கும் பட்டியல் சாதி உரிமையை இழக்க நேர்ந்தது. சான்றிதழ் கையில் இருந்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறியிருக்காது. சாதிக்குரிய ஒதுக்கீடு கிடைத்திருக்கும். வீடும் வகுப்பறையும் அவளை வெளியே தள்ளிய ஆண்டுகளுக்கு ஈடாக எதுவும் கிடைத்திருக்காது. தடையின்றிப் பள்ளிக்குப் போய் வந்தவர்களோடு, பாதியில் படிப்பை இழந்து, கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைத்துக்கொண்டே படித்தவள் அதே வரிசையில் நின்று போட்டியிட வேண்டியிருந்திருக்கும்.

இதற்குத்தான் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்கிறோம். இது தங்களுக்குப் புதிய ஏற்பாடும் அன்று. மகளிருக்கு 30 விழுக்காடும், மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடும், தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடும் இந்த முறையில்தான் பணி நியமனங்களில் நடைமுறைப்படுத்தப்படுகின்றன. பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பொதுப்பிரிவு என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 1 விழுக்காடு ஒதுக்கினால் போதும்; 69 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டில் அணுவளவும் மாற்றம் நேராது. கர்நாடக அரசு 2021-ஆம் ஆண்டிலேயே தன் பணி நியமன விதிகளைத் திருத்தி, எல்லாப் பிரிவுகளிலும் 1 விழுக்காட்டை ஒதுக்கிவிட்டது. சமூகநீதியில் முன்னோடி என்று பெயர் பெற்ற தமிழ்நாடு இதில் மட்டும் தயங்கி நிற்பது ஏன் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

எங்கள் மூத்தவர்களைத் தாங்கள் போற்றுவதால், அவர்கள் நடந்து வந்த வழியையும் ஒருமுறை திரும்பிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். 2013-இல் மதுரையைச் சேர்ந்த ஸ்வப்னா அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை எழுதுவதற்கே நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. பிரித்திகா யாஷினியின் உதவி ஆய்வாளர் பணிக்கான விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது; அவருடைய பாலினத்துக்கான பிரிவே அந்தத் தேர்வில் இருக்கவில்லை. 2015-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவருக்கு வழி பிறந்தது. தாரிகா பானு சித்த மருத்துவம் படிக்க 2017-இல் நீதிமன்றப் படியேறினார். ஒருவர் வென்ற வழக்கால் அடுத்தவருக்குக் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. ஒவ்வொருவரும் தொடக்கத்திலிருந்தே போராட வேண்டியிருந்தது. அவர்கள் எதிர்த்து வழக்காடியது அரசையும் அரசின் அமைப்புகளையும்தான். இன்று அவர்களுடைய வெற்றிகள் மாநிலத்தின் சாதனைப் பட்டியலில் இடம்பெறுவதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த வழக்குகளுக்காக அவர்கள் செலவிட்ட ஆண்டுகளை மட்டும் யாரும் அவர்களுக்குத் திருப்பித் தரப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று களத்தில் நிற்கும் இளையவர்களுக்கு இவர்கள் விட்டுச் சென்றிருப்பது வெறும் பெயரும் புகழும் அன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது எப்படி, மறுப்பை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குவது எப்படி, வழக்கறிஞரிடம் எந்தத் தாளைக் கொண்டுபோவது என்பதையெல்லாம் எங்களுக்கு அக்காமார்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நானிகள், அதாவது எங்கள் குடும்ப முறையில் பாட்டி இடத்தில் இருக்கும் மூத்த திருநங்கையர், கடை கேட்ட காசிலிருந்து மகள்களின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டியிருக்கிறார்கள். சாதியைத் தள்ளிவைத்துவிட்டுப் பாலின விடுதலையைப் பேச முடியாது என்பதைக் தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் இயக்கத்துக்குள்ளும் வெளியிலும் இடைவிடாமல் வலியுறுத்தியதால்தான், சலுகையாக எதையாவது தாருங்கள் என்று கேட்டுவந்த குரல், இன்ன பிரிவில் இத்தனை விழுக்காடு வேண்டும் என்று வரையறுத்துக் கேட்கும் குரலாக மாறியது. என்னைப் பொறுத்தவரை இந்தத் தெளிவுதான் அவர்கள் தந்தவற்றுள் மிகப் பெரியது. விருதுகளைவிட, நினைவுப் பரிசுகளைவிட, அவர்களுடைய கோரிக்கையை நிறைவேற்றும் ஓர் அரசாணைதான் அவர்களுக்குச் செய்யத்தக்க மரியாதை.

தையல் இயந்திரமும் கடனுதவியும் ஓய்வூதியமும் எங்களில் பலருக்கு உதவியிருக்கின்றன. அவை தொடர வேண்டும். ஆனால் மருத்துவராகவும் ஆசிரியராகவும் வட்டாட்சியராகவும் வர விரும்பும் ஒரு தலைமுறைக்கு அவையே போதும் என்று முடிவு செய்துவிட வேண்டாம். எங்களை உதவி பெறுவோர் பட்டியலில் மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்கு, கோப்பில் கையெழுத்திடும் இடத்தில் எங்களைப் பார்ப்பது கடினமாக இருக்கிறதோ என்ற ஐயம் சில நேரங்களில் எழுகிறது. அந்த ஐயம் தவறு என்று தாங்கள் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். உயர் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் வகையில், அனைத்துப் பிரிவுகளிலும் 1 விழுக்காடு கிடைமட்ட இட ஒதுக்கீடு வழங்கும் அரசாணையை, அடுத்த பணி நியமன அறிவிக்கைகளும் கல்லூரிச் சேர்க்கையும் தொடங்குவதற்கு முன்பாக வெளியிடுங்கள். திருநம்பியரும் இடைப்பாலினத்தவரும் அதில் விடுபடாமல் இருக்கட்டும். வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் பெற்றோரின் ஒத்துழைப்பு இல்லாமலேயே தம் சாதிச் சான்றிதழைப் பெறுவதற்கான வழிமுறையும் அதே ஆணையில் இடம்பெறட்டும். ஆணை எப்போது வரும் என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தால், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் எங்கள் மகள்களிடமும் மகன்களிடமும் அந்த நாளைச் சொல்வோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும் ஒரு திருநங்கை