அந்த டிவிஎஸ் அண்ணனுக்கு ஒரு நன்றி

எஸ்பிபி சார் நினைவு நாள்னு செப்டம்பர் 25 ஆனா போதும் எல்லாரும் ஸ்டேட்டஸ் வெக்கிறாங்க, நான் இந்த தடவை வேற ஒருத்தரப் பத்தி எழுதுறேன். 2020ல எஸ்பிபி சார் போனதுக்கு மறுநாள் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்ல அடக்கம்னு டிவில சொன்னதும் எங்க நைனா இருக்க முடியாம கெளம்பிட்டாரு, குடியாத்தம் பக்கம் கோயில் திருவிழா மெல்லிசை கச்சேரில அந்தக் குரல வெச்சே சோறு தின்ன மனுஷன், கொரோனான்னு சொன்னா கேப்பாரா.

போலீஸ் வண்டிய தூரத்துலயே நிறுத்திட்டாங்க, நைனாவுக்கு முட்டி வலி வேற. அங்க புல்லுக்கட்டோட டிவிஎஸ் எக்ஸெல்ல வந்த ஒரு அண்ணன், நாங்க கேக்கவே இல்ல, கட்ட எறக்கி ஓரமா போட்டுட்டு "ஏறு பெர்சு"ன்னாரு. அழுதழுது நைனாவோட மாஸ்க் நனைஞ்சு மூஞ்சில ஒட்டிக்கிச்சு, அத பாத்துட்டு சட்டப் பாக்கெட்லேர்ந்து புதுசு ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு. திரும்பக் கொண்டாந்தும் விட்டாரு. காசு நீட்டினா மொறைக்கிறாரு!

பேர் கேக்க தோணல அந்த நேரத்துல. இன்னிக்கும் நைனா, "அந்தப் புல்லுக்கட்டு ஆளு எப்டிகிறானோ"ன்னு கேட்டுனே இருக்காரு. அண்ணா, ரொம்ப நன்றி. தாமரைப்பாக்கம் பக்கம் யாருக்காவது அவரத் தெரிஞ்சா இத படிச்சுக் காட்டுங்க, எங்க ஊரு பக்கம் வந்தா ஆம்பூர் பிரியாணி எங்க செலவு.