நம் ஊரில் இம்ப்ராவ் செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கல்லூரி விழா, மொட்டை மாடி, கல்யாண மண்டபம் என்று கிடைத்த இடத்தில் எல்லாம், எழுதி வைக்காமல் காமெடி செய்துகொண்டிருக்கிறீர்கள். பெங்களூருக்கோ சென்னைக்கோ ஓடாமல் இங்கேயே கூடிச் செய்வதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். மேடையில் சிரிப்பைத் தேடிப் போகாதீர்கள். எதிரில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுங்கள்.

சமீபத்தில் ஒரு பயிற்சியில் பார்த்தது இது. காட்சி எங்கே நடக்க வேண்டும் என்று கேட்டதற்கு, கூட்டத்திலிருந்து யாரோ ‘பால் சொசைட்டி’ என்றார்கள். ஒரு தங்கை, இல்லாத கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, இன்னொரு கை தானாக விலகி நின்றது. அவள் இறக்கி வைத்த விதத்தில் கேனின் கனம் எங்களுக்கே தெரிந்தது. “அண்ணா, இன்னிக்கும் ரெண்டு லிட்டர் குறையுதுண்ணா” என்றாள். எதிரில் இருந்த தம்பி, “இது பாலே இல்ல, பெட்ரோல்!” என்றான். கூட்டம் சிரித்தது. அவன் அந்தக் கேன் இருந்த இடத்தின் மேலேயே நடந்து இந்தப் பக்கம் வந்தான். அப்புறம் அவர்களுக்குப் பேச எதுவும் கிடைக்கவில்லை.

அவள் கொடுத்ததில் எவ்வளவு இருந்தது! நேற்றும் குறைந்திருக்கிறது. மாட்டுக்கு உடம்பு சரியில்லையா, வீட்டில் யாராவது ஊற்றி விற்கிறார்களா, இல்லை, அளக்கிற அண்ணனே எடுக்கிறாரா? அவன் குரலைத் தாழ்த்தி, “மெதுவா பேசு, செக்ரட்டரி உள்ள இருக்காரு” என்றிருந்தால் போதும். ஒரு முழுக் கதை கிடைத்திருக்கும்.

‘ஆமாம், அப்புறம்’, அதாவது எதிரில் இருப்பவர் சொன்னதை ஏற்று அதன் மேல் சேர்த்துக்கொண்டே போவது என்ற விதியை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதைப் பலர் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அளக்கிறவர், “என் மேலயே பழி போடறியா?” என்று சண்டைக்குக்கூடப் போகலாம், தப்பில்லை. பால் பாலாகவே இருக்க வேண்டும், கேன் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அந்த விதி.

இந்தக் கலையின் விளையாட்டுகளை உருவாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் வயோலா ஸ்போலின். சிகாகோவில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய மகன் பால் சில்ஸ், 1959-இல் அங்கே செகண்ட் சிட்டி என்ற காமெடி நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஸ்போலினின் விளையாட்டுகளில் மனதுக்கு எப்போதும் ஒரு வேலை இருக்கும். பந்து எங்கே, எதிரில் இருப்பவரின் கை எங்கே என்று கவனம் போய்விட்டால் பயப்பட நேரம் இருக்காது. அர்த்தமில்லாத ஒலிகளில் மட்டும் பேசிக் காட்சி நடத்தும் விளையாட்டும் அவற்றில் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் ஓசூரில் இதை விளையாடிப் பாருங்கள். முகத்தையும் கையையும் பார்க்கும் பழக்கம் தானாக வரும். எதிராளி முடித்த சொல்லில் நீங்கள் தொடங்கும் பயிற்சியும் நல்லது. அந்தாதி கேட்டு வளர்ந்த நமக்கு அது கஷ்டமே இல்லை. அவர் வாக்கியத்தை முடிக்கும்வரை நீங்கள் காத்திருந்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் பலன்.

ஆனால் இதற்கெல்லாம் சிகாகோவரை போக வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் பருவத்தில் ஒரு ராத்திரி போய் முன்னால் உட்காருங்கள். ராஜா வேஷத்தை விட்டுவிட்டு, கூத்தின் கோமாளியான கட்டியக்காரரை மட்டும் பாருங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, உள்ளே இருக்கும் ராஜாவை இவர் விசாரிப்பார். ராஜா தன் பெருமையைச் சொல்லச் சொல்ல, இவர் அதைத் தப்பாகக் காதில் வாங்குவார், ஊர் விஷயத்தோடு முடிச்சுப் போடுவார். கரண்ட் போனாலும், முன்வரிசையில் யாராவது குடித்துவிட்டு எழுந்து ஆடினாலும் அதையும் தர்பாருக்குள் இழுத்துக்கொள்வார். அத்தனைக்கும் நடுவில் ராஜா ராஜாவாகவே இருப்பார். கட்டியக்காரர் தன்னைத் தாழ்த்தித்தான் சிரிப்பை வாங்குகிறார், ராஜாவின் கிரீடத்தைக் கழற்றி அல்ல. யார் உயரம், யார் தாழ்வு என்ற இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் இம்ப்ராவ் ஆசிரியர் கீத் ஜான்ஸ்டோன் பின்னாளில் பாடமாகவே வைத்தார். நம் கூத்தாடிகள் அதை ராத்திரி முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்கள். துகில் காட்சியில் ஊரே கண்கலங்கும்போது எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்பதும் நல்ல கட்டியக்காரருக்குத் தெரியும்.

இந்தத் தகடூர் மண்ணின் அதியமானுக்காகத் தூது போன ஔவையை நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டுகிறான். அவள் அவன் காட்டியதையே எடுத்துக்கொண்டாள்: இவை மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இது. எதிரில் இருந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்தப் பேச்சு வந்தது.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். தங்கைகள் மேடை ஏறிய உடனே அவர்களை மனைவியாகவோ அம்மாவாகவோ ஆக்கி, “காபி கொண்டா” என்று உள்ளே அனுப்புவதை நிறுத்துங்கள். பேருந்து நிலையக் காட்சி என்றால் அவள் ஏன் கண்டக்டராக இருக்கக் கூடாது? நிறம், உடம்பு, சாதி, திக்குவாய் ஆகியவற்றை வைத்து வாங்கும் சிரிப்பும் வேண்டாம். நம் ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மேடையில் சொன்னது மறுநாள் டீக்கடையில் அந்த ஆளின் பெயராக ஒட்டிக்கொள்ளும். ஆட்டம் தொடங்கும் முன், யாரை எங்கே தொடலாம், எது கூடாது என்று இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பயிற்சி இல்லாத நாட்களில் செல்போனில் அடுத்தவர் காமெடியையே பார்த்துக்கொண்டிருக்காமல் மாட்டுச் சந்தைக்குப் போங்கள். துண்டுக்கு அடியில் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசும் தரகர் எங்காவது கண்ணில் படுவார். வாய் திறக்க மாட்டார். விற்கிறவர் முகம் சுருங்குவதும், வாங்குகிறவர் வேறெங்கோ பார்ப்பதுமாக ஒரு பேரம் முடிந்துவிடும். அதைப் பேச்சில்லாமல் மூன்று நிமிடம் ஆடிக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். மௌனம் வந்தால் பதறிப்போய் ஜோக்கைக் கொட்டும் பழக்கம் இதில்தான் போகும்.

கடைசியாக, உங்கள் குழுவிடம் ஒரு கோரிக்கை. அடுத்த பட்டறைக்கு வெளியூர் பயிற்சியாளரை அழைக்கும் முன், நம் பக்கத்துக் கட்டியக்காரர் ஒருவரை அழையுங்கள். பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள். வெளியூர்க்காரருக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தைக் கொடுங்கள், பஸ் செலவையும் சேர்த்து. ஒரு முழு நாள் உங்களோடு ஆட விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஓர் அண்ணன்