குடியிருப்போர் எடுத்த வீட்டுக் கணக்கை ஏற்கக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: குடியிருப்போர் எடுத்த வீட்டுக் கணக்கைக் கூட்டாகச் சரிபார்த்து, கழிவுநீர்க் குழாய்ப் பணிக்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கணக்கெடுக்க வருபவர்கள் எங்கள் சந்துகளில் ஒரு கதவைப் பார்த்தால் ஒரு வீடு என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் மூன்று அடுப்பு எரிகிறது. மாடிப்படிக்கு அடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், மேலே தகரக் கூரையின் கீழ் இன்னொன்று. சென்ற பட்டியலில் இந்த இரு குடும்பங்களுமே இல்லை. பகல் பதினொரு மணிக்கு வந்தால் வேலைக்குப் போனவர்கள் எப்படி இருப்பார்கள்? அவர்கள் பெயருக்கு நேரே 'பூட்டிய வீடு' என்று இருக்கிறது.

இப்படிக் குறைந்த கணக்கை வைத்துக் குழாயின் அளவை முடிவு செய்தால் அது தாங்காது. கடைசி வீட்டு வாசலில்தான் கழிவுநீர் பொங்கும். ஒரு சங்கம் தன் சந்தின் தரையை மட்டும் மேடாக்கிக்கொண்டால் தண்ணீர் அடுத்த சந்துக்குப் போகிறது. அதைப் பட்டு அறிந்துதான் தனித்தனிச் சங்கங்களாக இருந்த நாங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தோம்.

சேமிப்புக் குழுப் பெண்கள் முன்னின்று, இரவு வேளைகளில் சந்து சந்தாகப் போய், ஓர் அடுப்புக்கு ஒரு குடும்பம் என்று அடுப்புக் கணக்கு எடுத்தார்கள். எழுதியதை அந்தந்தச் சந்திலேயே உரக்கப் படித்தார்கள். விட்டுப்போனவர்கள் எழுந்து சொன்னார்கள். இரண்டு முறை பதிவானதை அக்கம்பக்கத்தாரே திருத்தினார்கள்.

மற்ற நகரங்களிலும் இது நடந்திருக்கிறது. 1985இல் மும்பையில் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு நடைபாதைவாசிகளோடு சேர்ந்து கணக்கெடுத்தது. தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மன்கோங் வீட்டுத் திட்டத்திலும் குடியிருப்புகளின் கூட்டமைப்பும் உள்ளாட்சியும் சேர்ந்தே நகரக் கணக்கெடுப்பை நடத்தின. பாகிஸ்தானில் கராச்சியின் ஒராங்கி குடியிருப்பில் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் 1980இல் தொடங்கிய பணியில், சந்துக் குழாய்களை மக்களே செலவு போட்டுப் பதித்தார்கள். அவை போய்ச் சேரும் பெரிய வடிகால் அரசின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பங்கீட்டுக்கு எங்கள் சங்கங்களும் சம்மதிக்கின்றன.

ஆகவே, மதிப்பீடு இறுதியாவதற்கு முன் ஒரு பொறியாளரையும் கணக்கெடுப்பாளர்களையும் மாலை நேரத்தில் அனுப்பி, எங்கள் பதிவேட்டையும் வரைபடத்தையும் குடியிருப்போர் முன்னிலையில் சரிபார்க்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வாடகைக்கு இருப்பவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவேட்டின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் சங்கப் பிரதிநிதிகள்