விழுப்புரம் பிளாட்பாரத்தில் என் அப்பாவுக்கு அசிஸ்டென்டாக நின்ற தம்பிக்கு

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் ஸ்டேஷனில் மறதி நோய் உள்ள என் அப்பா காணாமல் போய்க் கிடைத்தது உங்களில் பலருக்குத் தெரியும், அப்பாவின் படத்தை ஊரெல்லாம் அனுப்பியதே நீங்கள்தான். அதைத் திரும்ப எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. அப்பா வீட்டில் இருக்கிறார். இப்போதுதான் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அன்றே எழுதியிருக்க வேண்டிய நன்றி இது, கை நடுக்கம் நிற்க இரண்டு நாளானது.

விடாமல் அறிவிப்பு கொடுத்த ஸ்டேஷன் ஊழியர்கள், தண்டவாளம் ஓரமாகவே நடந்து தேடிய ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) காவலர்கள், பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பார்த்துவிட்டுக் காசு வேண்டாம் என்று சொன்ன ஆட்டோக்கார அண்ணன்கள், கேமராவைப் பையில் போட்டுவிட்டு என்னோடு ஓடிய ரயில் ரசிக நண்பர்கள், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மறதி நோய் உள்ளவரை எதற்கு அங்கே கூட்டிப்போனாய் என்று சிலர் கேட்டீர்கள். அப்பா 1968ல் விழுப்புரம் ரயில் இன்ஜின் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்தவர். ஃபயர்மேனாக ஒய்.பி. நீராவி இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டு, டிரைவராகி, 1960களில் ஜப்பானிலிருந்து வந்த, மீட்டர் கேஜ் என்கிற குறுகிய பாதைக்கான மின்சார இன்ஜின் ஒய்.ஏ.எம்.-1ல் ஏறி, கடைசியில் அகலப்பாதைக்கு மாறியவர். இன்று சில நாட்களில் என் பெயர் அவருக்கு வராது. ஆனால் அன்று காலை வைகை எக்ஸ்பிரஸ் வந்தபோது நான் எடுத்த படத்தைக் காட்டினேன், வெள்ளை நிற வாப்-7 மின்சார இன்ஜின், சிவப்புக் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது, அதைப் பார்த்துவிட்டு "இன்ஜினை எடுத்திருக்கே, சிக்னலைக் காணோமே" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முழுசாகச் சொன்ன வாக்கியம் அது. அதற்காகத்தான் கூட்டிப்போனேன், இனியும் கூட்டிப்போவேன்.

அதற்கப்புறம் சிக்னலும் சேர்ந்து விழுகிற மாதிரி ஒரு கூட்ஸை எடுக்கப்போய்த்தான் நான் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். சரி, அதை விடுகிறேன்.

தம்பி, உங்களைப் பற்றிச் சொன்னது வேர்க்கடலை விற்கிற அம்மா. கூரையெல்லாம் முடிந்து பிளாட்பாரம் சரிந்து இறங்குமே, அந்தக் கோடிக்கு அப்பா போய்விட்டாராம். இன்னும் பத்தடி போனால் தண்டவாளம். நீங்கள் டியூட்டி முடித்து, முதுகில் பையோடு ஊருக்குப் போகிற பாசஞ்சருக்காக நின்றுகொண்டிருந்தீர்கள். "எங்க போறீங்க சார்?" என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள், நானும் அதைத்தான் செய்திருப்பேன். இழுத்தால் அவர் திமிறுவார், கத்துவார், எந்தப் பக்கம் ஓடுவார் என்று சொல்ல முடியாது. நீங்கள் அவர் கண் போன இடத்தைப் பார்த்தீர்கள். பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டி, "ஸ்டார்ட்டர் ரெட், சார்" என்றீர்கள்.

ஸ்டார்ட்டர் என்பது ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்பட அனுமதி தரும் சிக்னல். ரயிலில் லோகோ பைலட் என்கிற டிரைவரும் அவருடைய அசிஸ்டென்டும் ஒவ்வொரு சிக்னலையும் கைகாட்டி, வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் சொன்ன சொல் அது. அவர் கையும் எழுந்தது. "ரெட்" என்றார். அதோடு ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை என்கிறார் அந்த அம்மா. வைக்க மாட்டார், எனக்குத் தெரியும். எதை மறந்தாலும் என் அப்பா சிவப்பைத் தாண்ட மாட்டார்.

சிக்னல் எப்போதும் சிவப்பாகவே இருக்காதே. பச்சை விழுந்ததும் அப்பா "ஸ்டார்ட்டர் கிரீன்" என்று காலை எடுத்திருக்கிறார். நீங்கள் பதறவில்லை. "கிரீன் சார். கார்டு இன்னும் கொடி காட்டல சார்" என்றீர்கள். சிக்னல் விழுந்தாலும் வண்டியின் கடைசியில் இருக்கும் கார்டு பச்சைக்கொடி காட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது, அது அவர் ரத்தத்தில் இருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு நின்றுவிட்டார். இப்படியே ஒன்றரை மணி நேரம். நடுவில் உங்கள் பாசஞ்சர் வந்து, நின்று, போய்விட்டது. நீங்கள் ஏறவில்லை. ஒரு பக்கம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுத் தகவல் சொல்லிக்கொண்டே, இன்னொரு பக்கம் அவரோடு சிக்னல் பார்த்தீர்கள்.

நான் மூச்சிரைக்க ஓடி வந்தபோது பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டு கை ஒரே நேரத்தில் நீண்டிருந்தது. ஒன்று சீருடைச் சட்டைக்கை, இன்னொன்று அப்பாவின் வெள்ளை அரைக்கை, நரம்பு தெரிகிற கை. மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. கேமரா என் கழுத்திலேயே தொங்கியது, தொடத் தோன்றவில்லை. அழுதுகொண்டே அப்பாவைக் கட்டிக்கொண்டேன். ஏறிட்டுப் பார்த்தால் நீங்கள் இல்லை, அடுத்த வண்டிக்கு ஓடிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை.

ராத்திரியில் அப்பா எழுந்து உட்கார்ந்து "ஸ்டார்ட்டர்!" என்று சத்தம் போடுவது வழக்கம். இதுவரை "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, படுங்க" என்று அதட்டித்தான் படுக்க வைப்பேன். நேற்று கையை நீட்டி "ரெட், அப்பா" என்றேன். "ரெட்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். இனி அதட்ட மாட்டேன். என் நம்பரை அவர் சட்டைப் பைகளில் எல்லாம் தைத்தாயிற்று. உங்களுக்காக அந்த வைகை படத்தைப் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறேன், இன்ஜின் மட்டும்தான் இருக்கிறது, சிக்னல் இல்லை.

அன்று வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா இரண்டு தடவை கேட்டார், "நம்ம அசிஸ்டென்ட் சாப்பிட்டானா?" என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. இதைப் படித்தால் சொல்லுங்கள் தம்பி, அன்றைக்குச் சாப்பிட்டீர்களா?